விதைக் கடலை மூட்டை

ஆம்பூர் போகிற டவுன் பஸ்ஸில், எனக்குப் பின்சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. காலடியில் விதைக்கு வைத்த வேர்க்கடலை மூட்டை.

"விதைய வித்து உழவு ஓட்டிட்டா, அப்புறம் இன்னாத்தய்யா விதைப்ப?"

"காசு குடுத்தாதான் வண்டி வரும்ன்றான் டிராக்டர்காரன். நான் இன்னா பண்றது?"

அவள் கையிலிருந்த போன் சத்தம் போட்டது. வந்த மெசேஜை அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்க எனக்குக் கூச்சம்.

"யோவ், விவசாயிங்களுக்கு கவர்மெண்ட் போடற பணம் உன் கணக்குல ஏறிடுச்சாம். உழவுக்குப் போதும். எறங்கு, வீட்டுக்குப் போலாம்."

"மூட்டைக்கு ஆம்பூர் வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டேனேடி."

"பொம்பளைன்னு எனக்கு டிக்கெட் ஓசிதான? அதுல கழிச்சுக்க."

அடுத்த ஸ்டாப்பில் அவர் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவள் பின்னால் ஒரு கை கொடுத்தாள்.

"மெதுவாய்யா. முளைக்க வேண்டியது அது."