பெயருக்கு ஒரு கல்

குத்தகை பேச வந்தவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது காலை பத்தே கால். சூப்புக்கான நூடுல்ஸை வெட்டிச் சமையல் மேசை முழுவதும் துணி விரித்துக் காயப்போட்டிருந்தேன். அவரை உள்ளே உட்காரவைக்க இடமில்லை. வராந்தாவில் நாற்காலி போட்டேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் எதையும் பதற்றத்தில் செய்யவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பத்திரத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன். நீங்கள் வக்கீல். அந்த வரி எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் ஹெட்விக் பாவ்லிக். வயது எழுபத்து மூன்று. கோயில் பள்ளி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவர் வந்தது 2010 மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை. பெயர் கர்டிஸ் மேபரி. எண்ணெய்க் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

“அம்மா, மேல இருக்கிற நிலம் எர்வின் டுசெக் பேர்ல இருக்கு. கீழ இருக்கிறது மட்டும் இன்னும் உங்கப்பா பேர்லயே கிடக்கு.”

“அப்பா போய் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு.”

“அதான் வந்தேன். செத்தவர்கிட்ட குத்தகை வாங்க முடியாதே.”

அப்பா சாவதற்கு முந்தைய வருடம் நிலத்தைப் பக்கத்து வீட்டு எர்வினுக்கு விற்றார். அடியில் இருப்பதை விற்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் மேல்மண் ஒருவருக்கும் அடியில் உள்ளது இன்னொருவருக்கும் இருப்பது சாதாரணம். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். அடியில் என்ன இருந்தது, எறும்புதானே.

அந்த வெள்ளிக்கிழமை கோயில் கூடத்தில் தவக்கால மீன் வறுவல். தட்டோடு எர்வின் எங்கள் மேசைக்கு வந்தார். என் அண்ணன் அலோயஸ் எதிரே உட்கார்ந்திருந்தான்.

“ஏன்டா அலோயஸ், மேல இருக்கிற முள்ளு எனக்கு, கீழ இருக்கிற எண்ணெய் உனக்கா? நல்ல நியாயம்டா.”

“எங்கப்பன் வித்தப்ப நீதான கெக்கெக்கேன்னு சிரிச்ச. இப்ப மீனைத் தின்னு.”

“தின்னுறேன். எண்ணெய்க் கிணறு வந்ததும் என் மாட்டுக்காவது ஒரு புதுத் தொட்டி கட்டிக் குடு.”

அன்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

அப்பா உயில் எழுதவில்லை. அப்படி இருந்தால் வாரிசுப் பிரமாணப் பத்திரம் வேண்டும். குடும்பத்தை அறிந்த ஒருவர் பிள்ளைகள் எல்லோரையும், இருப்பவர் இறந்தவர் என்று, சத்தியம் செய்து சொல்ல வேண்டும். பங்கில்லாத இரண்டு பேர் அது உண்மை என்று உறுதி சொல்ல வேண்டும். அதை நீதிமன்றத்தில் பதிவு செய்வார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

மேபரி அடுத்த வாரம் வந்தபோது கோயில் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“உங்க அண்ணன், நீங்க. மூணாவதா ஒரு பையனுக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கே. ஃபுளோரியன்.”

“அவன் இல்லை,” என்றேன்.

அது என் அம்மாவின் வாக்கியம்.

ஃபுளோரியனுக்கு வலிப்பு வரும். எதையும் மெதுவாகத்தான் புரிந்துகொள்வான். பதினோரு வயதில் ஒருமுறை அடுப்பின் மேல் விழுந்தான். பிறகு டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். 1961 அக்டோபரில், ஒன்பதாம் தேதி, பழுப்பு நிறக் கார் ஒன்று வந்து அவனைப் போன்றவர்களுக்கான அரசு இல்லத்துக்கு அழைத்துப்போனது. இரண்டு மணி நேரப் பயணம். அந்த ஞாயிறு கோயில் வாசலில் பெண்கள் பையன் எங்கே என்று கேட்டார்கள். அம்மா எங்கள் வீட்டுப் போலிஷ் மொழியில் “அவன் இல்லை” என்றாள். வீட்டை விட்டுப் போனவனுக்கும் உலகத்தை விட்டுப் போனவனுக்கும் அந்தப் பேச்சில் அது ஒன்றுதான். அம்மா முதல் அர்த்தத்தில் சொன்னாள் என்று நினைக்கிறேன். பெண்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள். யாரோ ஒரு பாப்பி விதை ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். உடல் எங்கே என்று கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார்கள். அவன் ஆன்மாவுக்காகப் பூசை வைத்தார்கள். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து பூசை கண்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். எனக்குப் பதினைந்து வயது.

அம்மா மாதம் ஒருமுறை, முதல் சனிக்கிழமை, அவனைப் பார்க்கப் போவாள். ஊராரிடம் சான் அன்டோனியோவுக்குத் துணி வாங்கப் போவதாகச் சொல்வாள். 1979ல் அவள் இறந்தாள். அதன் பிறகு நான் துணி வாங்கப் போனேன்.

முப்பத்தொரு வருடம் போனேன். ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவனுக்கு எங்கள் வீட்டுப் பேச்சு மட்டும்தான் தெரியும். இல்லத்தில் இருந்தவர்கள் ஆங்கிலமும் ஸ்பானிஷும் பேசினார்கள். அதனால் ஒரு மாதப் பேச்சைச் சேர்த்து வைத்திருப்பான். நான் உட்கார்ந்ததும் தொடங்குவான். வேலிக்கு அப்பால் ஒரு நாய் வந்தது. நாயின் காது கிழிந்திருந்தது. மழை பெய்தது. அவனுடைய கரண்டியை ஒருவன் எடுத்துப்போனான், திருப்பித் தரவில்லை. ஒன்றையும் விடமாட்டான். சொல்லி முடித்ததும் களைத்துப்போய் என் தோளில் தலை வைத்துக்கொள்வான்.

“அவன் இல்லை” என்றதும் மேபரி கேட்டார்: “இல்லைன்னா, எந்த வருஷம்மா?”

“அறுபத்தொண்ணு.”

எழுதிக்கொண்டார். செத்த வருடமா என்று அவர் கேட்கவில்லை. நான் சொன்ன வருடம் சரியான வருடம்.

“பிள்ளைகுட்டி?”

“பதினோரு வயசுப் பையனுக்கு என்ன பிள்ளைகுட்டி?”

“மன்னிச்சுக்குங்கம்மா. கேக்கணும்னு இருக்கு. கல்லறையில கல் இருந்தா ஒரு போட்டோ எடுத்துக்கறேன். எங்க வக்கீலுக்குத் தாளை விடக் கல்லு மேல நம்பிக்கை ஜாஸ்தி.”

“கல் வைக்கல. அம்மாவுக்கு மனசு வரல.”

இதுவும் உண்மை.

அடுத்த நாள் நான் கல்லுக்குச் சொன்னேன். சிறியது, சாம்பல் நிறம், அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில். கல் வெட்டுபவர் தேதி கேட்டார். கார் வந்த தேதியைக் கொடுத்தேன். மேலே ஆட்டுக்குட்டி செதுக்கவா என்றார், குழந்தைகளுக்கு அப்படித்தானே செய்வார்கள். சரி என்றேன்.

கல் வந்த அன்று அலோயஸ் முழங்கால் வலியோடு நடந்து வந்து பார்த்தான். பள்ளி வேன் ஓட்டியே அவன் முழங்கால் போயிருந்தது.

“ஹெடி, இது நல்லா இல்லடி.”

“யாருக்கு என்ன கெடுதல்?”

“அவன் அங்க இந்நேரம் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருப்பான்டி.”

“சாப்பிடட்டும். இங்க கல் இருக்கிறது அவனுக்குத் தெரியவா போகுது?”

அலோயஸ் தொப்பியைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவனிடம் காரணங்களைச் சொன்னேன். ஃபுளோரியனால் கையெழுத்துப் போட முடியாது. நீதிமன்றம் யாரோ முகம் தெரியாதவரை அவனுக்குப் பொறுப்பாளராகப் போடும். அவன் பங்கை இல்லத்துச் செலவு என்று அரசாங்கமே எடுத்துக்கொள்ளும். அதற்குள் கம்பெனி வேறு நிலத்துக்குப் போய்விடும். எல்லாம் நியாயமான காரணங்கள். அலோயஸ் கையெழுத்துப் போட்டான். அவன் 2014ல் போய்ச் சேர்ந்தான். அவனைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

சாட்சிகள் எர்வினும் அவர் மனைவி பெர்த்தாவும். நோட்டரி முன்னால் எர்வின் வலது கையைத் தூக்கினார். பிறகு கண்ணைத் துடைத்தார். “குட்டிப் பயலைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு ஆத்தைக் கடப்பேன். என் காதைப் பிடிச்சுக்குவான். அவன் பூசைக்கு நான் போனேனே,” என்றார். அவர் பொய்ச் சத்தியம் செய்யவில்லை. அதையும் எழுதுங்கள்.

நான் ஒன்றை விட்டுவிட்டேன்.

இரண்டாவது முறை வந்தபோது மேபரி கிளம்பும் நேரத்தில் படியில் நின்று சொன்னார்: “ஒருவேளை யாராவது உயிரோட இருந்து, கையெழுத்துப் போட முடியாத நிலைமைன்னாலும் ஒண்ணும் கெட்டுப்போகாதும்மா. நிறைய வீட்ல அப்படி இருக்கு. கூடப் பிறந்தவங்களையே பொறுப்பாளராப் போடுவாங்க. மூணு மாசம் ஆகும். நாங்க காத்திருப்போம்.”

“தேவைப்படாது,” என்றேன்.

அலோயஸிடம் இதைச் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

அம்மாவை நினைத்துத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பூசையை நினைத்து. ஊரே அவளோடு அழுது ரொட்டி கொடுத்திருந்தது. பல வருடங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

கல் வைத்ததற்கு அடுத்த முதல் சனிக்கிழமை, பையில் தொத்திறைச்சி எடுத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தேன். சாவியைத் திருகினேன். அணைத்தேன். வீட்டுக்குள் வந்து தொத்திறைச்சியை நானே சாப்பிட்டேன். மறு மாதம் காரில் உட்காரவில்லை. இரண்டு மணி நேரப் பயணம் இல்லாத சனிக்கிழமை நீளமாக இருந்தது. நான் தூங்கினேன். இடையில் விழிக்காமல் நன்றாகத் தூங்கினேன்.

மறு வருடம் எர்வினின் மேய்ச்சல் நிலத்தில் கிணறு இறங்கியது. சமையல் ஜன்னலிலிருந்து எரிவாயுச் சுடர் தெரியும்.

நவம்பரில் கல்லறைத் திருநாளன்று அவன் கல்லின் முன் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அழுகை வந்தது. நடிப்பு இல்லை. பெர்த்தா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் அவனுக்காக யார் முன்னாலும் அழ முடிந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் போனேன், அழுதேன். உயிரோடு இருந்தவனிடம் பேசியதை விட அந்தக் கல்லிடம் என்னால் அதிகம் பேச முடிந்தது.

இல்லத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. அங்குள்ள பழைய பதிவில் அம்மாவின் பெயர்தான் இருந்தது, அவள் பெயருக்கே எழுதினார்கள். முதல் கடிதத்தில், ஃபுளோரியன் சனிக்கிழமைகளில் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார், உள்ளே வரச் சொன்னால் வருவதில்லை என்றிருந்தது. இரண்டாவதில் ஒரு கேள்வி. அவர் இப்போது பேசுவதே இல்லை, முன்பு பேசியது என்ன மொழி, ஒருசில வார்த்தைகளாவது எழுதி அனுப்ப முடியுமா, நாங்கள் கற்றுக்கொள்கிறோம் என்று. இரண்டு உறைகளையும் திரும்ப ஒட்டி, பெறுபவர் உயிருடன் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அம்மா உயிருடன் இல்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை.

சில வார்த்தைகள்தான் கேட்டார்கள். ஒரு தாளில் அடங்கியிருக்கும். தண்ணீர். வலிக்கிறதா. நாளை வருவாள்.

இப்போது அவன் அந்த இல்லத்துக்குப் பின்னால் எண் போட்ட கல்லின் கீழ் இருக்கிறான். பெயர் போட்ட கல்லின் கீழ் யாரும் இல்லை. நீங்கள் திருத்த வேண்டிய வரி இது: ஃபுளோரியன் பாவ்லிக் 1961ல் இறக்கவில்லை. 2019 ஆகஸ்ட் இருபதாம் தேதி காலையில் இறந்தான். அவன் உயிரோடு இருப்பது தெரிந்தே நான் அன்று சத்தியம் செய்தேன். அவன் வாசலில் நிற்பது தெரிந்தே போகாமல் இருந்தேன். காரணங்கள் எல்லாம் பிறகு செய்துகொண்டவை.

அவன் இறந்த அன்று வந்த தொலைபேசி அழைப்பைப் பற்றியும் கேட்டீர்கள். அழைத்தது ஒரு நர்ஸ், குரல் சின்னப் பெண்ணுடையது. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வைக்கவில்லை.

“ஃபுளோரியன் இன்னைக்குக் காலைல தவறிட்டாரும்மா. தூக்கத்துலயே. உங்களுக்குச் சொல்லணுமா வேண்டாமான்னு கூடத் தெரியல. பழைய வருகைப் புத்தகத்தைத் தேடினோம். பக்கம் பக்கமா உங்க பேரு ஒண்ணுதான் இருக்கு. குடும்பப் பேரும் அதேதான். ஆனா ‘உறவு’ன்னு போட்டிருக்கிற கட்டத்தை எல்லாத் தடவையும் காலியா விட்டிருக்கீங்க. முப்பது வருஷமும். சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போட்டா உடம்பைக் குடுத்துடுவோம், இல்லன்னா நாளைக்கு இங்கயே அடக்கம் பண்ணிடுவாங்க. அதுக்குத்தான் கேக்கறேன். அம்மா? லைன்ல இருக்கீங்களா? நீங்க அவருக்கு என்ன வேணும்?”