பாயில் இடம் காத்த ஞானப்பூ அம்மையாருக்கு

அன்பே அணியாய், அருளே அரணாய், பதினாறு ஆண்டுகள் திண்டுக்கல்லில் நம் சபையின் ஊழியராய்ப் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் பெருமாட்டியே, எங்கள் ஞானப்பூ அம்மையீர், வணக்கம்.

1951-ஆம் ஆண்டு ஒரு தகரப் பெட்டியோடு வந்திறங்கினீர்கள். நாகல் நகர்ச் சந்துகளில் நோயுற்றோர் அருகே அமர்ந்து ஜெபித்தும், எரியோட்டுக்குப் பஸ் ஏறிச் சென்று பெண்களுக்கு எழுத்தறிவித்தும், பிள்ளைகளுக்கு வேதபாடம் கற்பித்தும் தாங்கள் ஆற்றிய தொண்டு தனித்தனியே போற்றத் தக்கது. ஆயினும் இன்று நாங்கள் சொல்லக் கடமைப்பட்டது ஒன்று உண்டு. சொல்லக் கூசுவதும் அதுவே.

1957 கிறிஸ்துமஸில், ஆராதனையில் டோலக் வாசிக்கலாமா கூடாதா என்று நம் சபை இரண்டுபட்டது. பாடகர் ராயப்பராஜ் பதினான்கு குடும்பங்களோடு வெளியேறினார். தோல் வியாபாரி நைனா முகமது மனமிரங்கிக் கொடுத்த கொட்டகையில் அவர்கள் தனியே கூடினார்கள். தாங்களோ காலையில் ஆலயத்தில் ஆராதித்து, வெயிலேறிய வேளையில் கொட்டகைக்கு நடந்து, அங்கிருந்த பிள்ளைகளுக்கும் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

மறு ஆண்டு ஜூன் மாதம் மூப்பர் அருள்நாதன் தங்களை அழைத்து, "இனிமே அங்கிட்டுப் போனா இங்க வேலை கிடையாதும்மா. யோசிச்சுக்கங்க" என்றார்.

"யோசிச்சுட்டேங்கய்யா. வேலைய எடுத்துக்கங்க. பிள்ளைகள விட என்னால ஏலாது" என்றீர்கள்.

வேலை போயிற்று. ஒன்பது மாதம் பூக்கட்டிப் பிழைத்தீர்கள். அப்போதும் ஞாயிறுதோறும் இரண்டு இடத்துக்கும் வந்தீர்கள்.

மனம் பொறுக்காத ராயப்பராஜ், "எங்க கூடயே இருந்துருங்கக்கா, வேண்டியத நாங்க பாத்துக்கிறோம்" என்றார். தாங்கள் கூறிய மறுமொழியை இம்மடலில் எழுதச் சொன்னவரும் அவரே.

"கோயில் பாயில உங்க பதினாலு வீட்டு இடமும் காலியாத்தேன் கிடக்கு தம்பி. யாரையும் உக்கார விடல. நீங்க வாரவரைக்கும் விடவும் மாட்டேன்."

1959 ஈஸ்டர் காலையில் அந்தப் பதினான்கு குடும்பங்களும் ஆலய வாசலில் வந்து நின்றன. உள்ளே போகக் கால் எழவில்லை. மூப்பர் இறங்கி வந்தார். ராயப்பராஜின் கையிலிருந்த டோலக்கை வாங்கி, தாமே தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். அன்றைய பாட்டைப் பாதிப் பேர் கண்ணீரோடுதான் பாடினார்கள். ஆராதனை முடிந்ததும் மூப்பர் எல்லார் முன்னும் தங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

"அது கிடக்கட்டுங்கய்யா. நாளைக்கு எரியோட்டுல கூட்டம். நான் போகலாமா?" என்றுதான் கேட்டீர்கள். மறுநாளே பழைய பணிக்குத் திரும்பினீர்கள்.

விலக்கியவர்களும் விலகியவர்களும் இன்று ஒரே பந்தலில் ஒருமித்து நின்று தங்களை வாழ்த்துகிறோம்.

அம்மையீர், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. ஆண்டின் ஐம்பத்திரண்டு ஞாயிறுக்கும் வீட்டுக்கொரு விருந்தென முறை வைத்துவிட்டோம். சபையில் வீடுகள் எழுபது. இவ்வாண்டு முறை கிடைக்காத பதினெட்டு வீட்டார் அடுத்த ஆண்டை இப்போதே கேட்டு நிற்கிறார்கள். அவர்கள் இலையிலும் தாங்கள் பலமுறை அமர்ந்துண்ண, ஆண்டவர் திடமான உடலும் தீர்க்காயுளும் தந்தருள்வாராக.

தங்கள் அன்பில் வளரும்
சபை ஊழியர்களும் எழுபது வீட்டாரும்
திண்டுக்கல், 30-4-1967