மலரில் விட்டுப்போன பேர்

வேலாயி: அந்த வரிய இன்னொரு தடவ படிங்கண்ணே.

தம்புசாமி: "நம் தோட்டத்தில் தொழிலாளர் இயக்கத்துக்கு வித்திட்டவர், இன்றைய கட்சிக் கிளைச் செயலாளர் திரு. தம்புசாமி..." நானா எழுதல புள்ள. ஆபீஸ்ல...

வேலாயி: கையெழுத்து உங்களுது மாதிரி இருக்கே!

தம்புசாமி: சும்மா இரு லா. அடுத்த மாசம் இந்த நாட்டுக்கும் சுதந்திரம். மெர்லிமாவ் டவுன்ல மந்திரி கையால மலர் வெளியீடு. நீ மேடைல உக்காரணும்.

வேலாயி: ரப்பர் பால் வெட்டிட்டு வந்த இந்தக் கோலத்துலயா?

தம்புசாமி: ஜப்பான்காரன் காலத்துல ஜான்சிராணிப் படைல துப்பாக்கி தூக்குன கை அது!

வேலாயி: துப்பாக்கியா? பாதி நாளு மரக்கட்டைதான். சண்டை முடிஞ்சு லயத்துக்கு வந்தா, நீங்களும் எங்கண்ணனும் பால் வாளி தூக்குற காண்டாக் கம்ப தோள்ல வச்சுக்கிட்டு லெஃப்டு ரைட்டு...

தம்புசாமி: கணக்கு எழுதுற கிராணி பயந்துபோய் ஆபீஸ் கதவச் சாத்திக்கிட்டான்ல! கள்ளுக்கடை மறியல் ஞாபகம் இருக்கா? முனுசாமி...

வேலாயி: குடிச்சிட்டே வந்து, "கடைய மூடு"ன்னு எல்லார விடவும் சத்தமா கத்துனாரே! ஐயோ... வயித்துக்குக் கஞ்சிதான். ஆனா எவ்ளோ சந்தோசமா இருந்தோம்ணே.

தம்புசாமி: துரையக் கண்டா சைக்கிள விட்டு எறங்கணும்னு சட்டம். எறங்காமப் போனோம் பாரு!

வேலாயி: மொதல்ல எறங்காமப் போனது யாரு?

தம்புசாமி: அதெல்லாம் இப்ப எதுக்கு?

வேலாயி: சொல்லுங்க.

தம்புசாமி: மாயாண்டி.

வேலாயி: எங்கண்ணன் பேரு இந்த மலர்ல எங்க?

தம்புசாமி: புள்ள... அப்ப இயக்கம். இப்ப அரசாங்கம். கம்யூனிஸ்டுங்கள ஒழிக்க வெள்ளக்காரன் போட்ட எமர்ஜென்சி இன்னும் முடியல. கைது பண்ணி, கப்பலேத்தி நாகப்பட்டினத்துக்கு அனுப்புன ஆளு...

வேலாயி: அங்கேயே செத்தும் போயாச்சு. செத்தவனுக்கு என்ன எமர்ஜென்சி?

தம்புசாமி: மேலிடம் ஒத்துக்காது லா.

வேலாயி: நாப்பத்தெட்டுல, காலைல பேரு கூப்பிடுற பெரட்டுக்களத்துல எங்கள வரிசையா நிக்க வச்சாங்க. தலைல சாக்கு மாட்டி ஒரு ஆளக் கூட்டியாந்தாங்க. கண்ணுக்கு ரெண்டு ஓட்ட. அவன் யாரப் பாத்து தலையாட்டுனானோ, அவங்கள லோரில ஏத்துனாங்க.

தம்புசாமி: நான் அப்ப செர்காம்ல... அத்த வீட்ல...

வேலாயி: ஆமா, ஒம்போது வருசமா சொல்றீங்க.

தம்புசாமி: அந்தச் சாக்குக்காரன் யாருன்னு தெரிஞ்சா நானே அவன...

வேலாயி: விடுங்க. அடி தாங்காம ஒத்துக்கிட்டிருப்பான். பாவம்.

தம்புசாமி: ...பாவமா?

வேலாயி: அண்ணன் பேரப் போடுங்க. நான் மேடைக்கு வர்றேன்.

தம்புசாமி: முடியாதுன்னு சொல்றேன்ல! என் பதவியே போயிரும். எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஒரே தட்டுல தின்னவங்க நாங்க... அவனுக்கு நான் என்ன கொற வச்சேன்?

வேலாயி: அப்ப கேட்டுக்குங்க. உங்கள விட்டா கொடி பிடிச்சவங்க பதினோரு பேரு. அந்தச் சாக்கு, பத்து பேரப் பாத்து தலையாட்டுச்சு, எங்கண்ணனையும் சேத்து. பதினோராவது நான். என் முன்னால வந்து நின்னுச்சு... உள்ளுக்குள்ளேயே விசும்புச்சு... தலையாட்டாமப் போயிருச்சு. எங்கண்ணங்கிட்ட என்னைப் பொண்ணு கேட்டவரு இந்தத் தோட்டத்துல நீங்க ஒருத்தருதான். பேனாவ எடுங்கண்ணே. மாயாண்டின்னு எழுதுங்க.