யாரும் பார்க்காத இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதிக்குப் போகும் பேருந்தில் ஒட்டுக்கேட்டுக்கொண்டே போய், இறங்கவேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன். முன் இருக்கையில் ஒரு தாயும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளும் இருந்தார்கள்.

"எங்கட புரொபசர் சந்தோசத்தைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்யிறா, அம்மா."

"அதுக்கும் சம்பளம் குடுக்கினமோ?"

"கறுப்பினச் சனத்திட்டை எல்லாரும் வந்து, என்ன வருத்தம், ஆர் அவமானப்படுத்தினது எண்டுதான் கேக்கிறவை. அவவும் அதைக் கேப்பா. ஆனால் முதல் கேள்வி வேறை. ஆரும் பாக்கினமோ எண்ட யோசினை இல்லாமல் நீங்கள் இருக்கிற இடம் எது எண்டு கேப்பா. ஒருத்தர் சலூன் எண்டார். ஒரு அம்மா சேர்ச்சிலை சமைக்கிற குசினி எண்டு சொல்லிப்போட்டு, சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சவ."

"கெட்டிக்காரிதான். அவவும் கறுப்பினப் பொம்பிளையோ?"

"ஓம். மற்றவையின்ர கதவைத் தட்டமுதல் உங்கட வீட்டிலை கேட்டுப்போட்டு வாங்கோ எண்டும் சொன்னவ. நாளைக்கு நான் அவவின்ர ஆராய்ச்சிக்குக் கேள்வி கேக்க முதல் வீட்டுக்குப் போகவேணும். உங்களுக்கு அப்பிடி ஒரு இடம் இருக்கோ, அம்மா?"

தாய் யன்னல் பக்கம் திரும்பினார்.

"வேலையிலை மனேச்சர் பாப்பான். கோயிலிலை எங்கட சனம் சீலையைப் பாக்கும். வீட்டிலை நான் அழுறனோ எண்டு நீ பாப்பாய்."

மகள் தாயின் கையைப் பிடித்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தலையை முன்னால் நீட்டி, "அப்ப எங்கைதான், அக்கா?" என்று கேட்டேவிட்டேன்.

"இந்த பஸ்தான் தம்பி, நீங்கள் தலையை நீட்டும்வரைக்கும்."