கடைசி டேக் பதிவான முறை

மதிப்பிற்குரிய ராஜ்கமல் அவர்களுக்கு, முத்தியால்பேட்டை ஹரிகிருஷ்ணன் எழுதிக்கொள்வது.

அன்று அறையில் நாலு பேர் இருந்தோம். நான் ஜன்னல் ஓரம், மிக்ஸருக்கு முன்னால் நாற்காலியில். என் வலது கைக்கு எட்டும்படி சுவரில் மெயின் சுவிட்ச். டோலக் வாசித்த கலீலுல்லா பாய், கயிற்றில் தொங்கவிட்ட இரண்டு கம்பளிகளுக்கு அந்தப் பக்கம், பின் சுவரைப் பார்த்தபடி. அப்படி உட்கார்ந்தால்தான் டோலக் சத்தம் பாட்டில் கலக்காது. பாடிய கமலவேணி அறையின் நடுவில், நின்றபடி. அவள் கணவர் நெடுமாறன் வாசற்படியில். ஒரு பதிவின் குணம் பாதி மைக்கில் இருக்கிறது, மீதி யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதில் இருக்கிறது. அதனால் இதை முதலில் எழுதினேன்.

நான் அனுப்பிய பாட்டைக் கேட்டுத் தாங்கள் எழுதிய கடிதத்தில் இரண்டு கேள்விகள். அந்தக் குரலை எந்த மைக்கில், எப்படிப் பிடித்தேன் என்பது ஒன்று. பாடியவள் இறந்துவிட்டதாகக் கேள்விப்படுகிறோம், பாட்டை வெளியிட்டால் சிக்கல் வருமா என்பது மற்றது. பாகூர் பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியார், கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுடா என்பார். அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெடுமாறன் காலாப்பட்டு ஜெயிலில் இருக்கிறார். மனைவியைக் கரண்ட் வைத்துக் கொன்றார் என்று வழக்கு. என் மேல் ஒன்றுமில்லை. அவர்கள் மகள் கவிநிலா இப்போது கீழே உட்கார்ந்திருக்கிறாள். அவள் எதற்கு வந்தாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மைக், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காந்தி வீதி நடைபாதையில் வாங்கியது. கட்சிக் கூட்டத்திலும் காதுகுத்து வீட்டிலும் கத்திக் கத்தித் தேய்ந்த இரும்பு மைக். அதற்கு ஜோடியாக ஒரு தகரப்பெட்டி ஆம்ப்ளிஃபயர். என்னிடம் விலை உயர்ந்த மைக் இல்லாமல் இல்லை. அது எல்லாவற்றையும் கேட்கும்; புடவை உரசுவதை, எச்சில் விழுங்குவதை, தெருவில் போகும் ஆட்டோவை. மட்டமான மைக் பாதியைத் தள்ளிவிடும். மிச்சம் நிற்பது தொண்டை மட்டும். இரண்டு தெரு தள்ளி, திருவிழாக் குழாயில் யாரோ பாடுவதைப் படுத்துக்கொண்டு கேட்பது போல இருக்கும். இதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கமலவேணியின் குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அதன் குறை. சேதராப்பட்டு சோப்புக் கம்பெனியில் பெட்டி அடுக்கிவிட்டு வந்து நின்று பாடினாலும் சுருதி விலகாது. மாசி மகத்துக்கு மேடையில் பாடுவாள், ஜனங்கள் கைதட்டிவிட்டு அப்பளம் வாங்கப் போய்விடுவார்கள். ஒரு பாட்டு வெளியே வந்தால் கம்பெனி வேலையை விட்டுவிடலாம் என்று அவளுக்கு ஆசை. அதில் தவறு காண முடியாது.

நெடுமாறன் அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியன். என் ஸ்டூடியோ, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா குடும்பத்தின் வீட்டு மாடி. அதற்கு வயரிங் முழுவதும் அவர்தான் செய்து கொடுத்தார், கூலி வாங்காமல். பள்ளம் தோண்டி எர்த் போட்டார். ஷாக் அடித்தால் தானாக விழுந்து கரண்ட்டை நிறுத்தும் டிரிப்பரும் வைத்தார். அதெல்லாம் எதற்கு என்றேன். “உசுரு விஷயம்ண்ணே, இதுல கஞ்சத்தனம் கூடாது” என்றார்.

அந்த எர்த் வழியாக ஆம்ப்ளிஃபயரில் ஒரு ரீங்காரம் வந்தது. குரலுக்கு அடியில் வண்டு பறக்கிற மாதிரி. அவர் மாட்டிக்கொடுத்த ஆம்ப்ளிஃபயர் பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றினேன். வெட்டவில்லை, திருகாணியைத் தளர்த்தி எடுத்துவிட்டேன். ரீங்காரம் நின்றது. நம் தொழிலில் இதைச் செய்யாதவர் குறைவு.

மறுநாள் அவள் பாடவந்து உதடு மைக்கில் பட்டதும் பின்னால் துள்ளினாள்.

“அண்ணே, சுருக்குன்னு கடிக்குது இது.”

கம்பளிக்கு அந்தப் பக்கமிருந்து கலீலுல்லா பாய், “பழைய மைக்கும்மா, ரொம்ப நாளா பொம்பள குரலே கேக்கல. முத்தம் கேக்குது” என்றார்.

“அப்ப நீங்க வந்து குடுங்க பாய். தாடியோட குடுத்தா இன்னும் சந்தோஷப்படும்.”

எல்லாரும் சிரித்தோம். பிறகு அவள் பாடினாள். அப்போது பாடிய முதல் வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சுருதி அதே சுருதிதான், ஆனால் அதற்குக் கீழே ஏதோ ஒன்று ஒதுங்கி நின்றது. அடிக்கப் போகிற கைக்கு முன்னால் குழந்தை நிற்குமே, அப்படி. இத்தனை வருஷம் மைக்கின் குணம் என்று நாம் பேசிக்கொண்டிருந்தது மைக்கில் இல்லை என்று அன்று விளங்கியது.

அதன் பிறகு செய்தவை எல்லாம் சிறு திருத்தங்கள். டிரிப்பர் அடிக்கடி விழுந்து, நல்ல டேக் பாதியில் அணைந்துபோனது. அது விழுகிறது என்றால் கரண்ட் அவள் உடம்பு வழியாக இறங்குகிறது என்று அர்த்தம், எனக்குத் தெரியும். அது விழுந்தாலும் கரண்ட் நிற்காதபடி, டிரிப்பரைத் தாண்டி நேராக ஒரு கம்பி கொடுத்தேன். அவள் ரப்பர் செருப்பு கீச்சிட்டது, கழற்றச் சொன்னேன். காலடியில் கிடந்த ஜமக்காளம் குரலை உறிஞ்சியது, சுருட்டி வைத்தேன். வெறும் சிமெண்ட் தரையில் கடற்கரை மணல் நரநரத்தது, ஆகவே பாடுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்தேன். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒலி தெரிந்த யாரும் ஒன்றைக்கூட மறுக்க மாட்டார்கள்.

கடைசி நாள் ஐப்பசி மழை. சுவரெல்லாம் ஓதம். அவளை அழைத்துவந்த நெடுமாறன், இந்தத் தடவை கிளம்பிப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

“கடிக்குது கடிக்குதுன்றாளே, எர்த்து சரியாத்தானண்ணே குடுத்தேன். பிளக்கத் தொறந்து பாத்துடறேன்.”

“பாட்டு முடியட்டும் நெடுமாறா. இப்ப தொறந்தா அந்த சவுண்டு மறுபடி கெடைக்காது.”

“வேணி, எனக்கு மனசு சரியில்ல. இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.”

“நீ சும்மா கெடய்யா. இது முடிஞ்சா அந்த கம்பெனி பஸ்ஸே ஏற வேணாம். மழையில இன்னொரு தபா யாரு வர்றது?”

கொஞ்சம் குரல் உயர்த்திப் பேசிக்கொண்டார்கள். கீழ்வீட்டுக்காரர் அதைச் சண்டை என்று பின்னால் போலீசில் சொன்னார்.

அதுவரை மைக் ஸ்டாண்டில்தான் இருந்தது. சரணம் முடிகிற இடத்தில் இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, உதட்டோடு வைத்துப் பாடு என்றேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். “அண்ணே, நீங்க பாத்துக்குவீங்கல்ல?” என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தாங்கள் வியந்து எழுதியிருந்த அந்த நீண்ட ஸ்வரம் அப்போது வந்தது. மூச்சு தீர்ந்த பின்னும் குரல் நிற்கிறதே, எப்படி என்று கேட்டிருந்தீர்கள். கரண்ட் பிடித்தால் கை விடாது, நெஞ்சும் விடாது. முதலில் அவளே இழுக்கிறாள் என்று நினைத்தேன் என்று போலீசில் எழுதிக் கொடுத்தேன். தங்களுக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. தொடங்கும்போதே தெரிந்தது. என் கை மெயின் சுவிட்சின் மேல்தான் இருந்தது. “மெயின ஆஃப் பண்ணுங்கண்ணே” என்று நெடுமாறன் கத்தினார். ஸ்வரம் இன்னும் முடியவில்லை. நடுவில் நிறுத்தினால் அது வெறும் விபத்து, முடியவிட்டால் பாட்டு. நான் முடியவிட்டேன். அதற்குள் அவரே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பிறகு சுவிட்சை அணைத்தேன்.

அவர் கத்தியதையும், அவள் விழுந்த ஓசையையும் நீக்கிவிட்டேன். இரண்டும் தாளத்தில் வரவில்லை. பதிவே ஆகவில்லை, கம்ப்யூட்டர் அணைந்துபோயிற்று என்று போலீசில் சொன்னேன். டிரிப்பரில் கொடுத்த கம்பியை நான் எடுக்கவும் இல்லை, அதைப்பற்றி யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. கலீலுல்லா பாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிற ஆள் இல்லை. அதற்கப்புறம் அவர் டோலக்கைத் தொடவில்லை என்று கேள்வி.

வயரிங் செய்தது நெடுமாறன். பிளக் அவர் கையில் இருந்தது, உள்ளே எர்த் கம்பி மாட்டாமல் கிடந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று சாட்சியும் இருந்தது. கமலவேணியின் அண்ணன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் ஜெயிலுக்கு மனுப்போட்டு ஒரு முறை போய்ப் பார்த்தேன்.

“முடுக்குனேன்னுதான்ணே ஞாபகம்” என்றார் நெடுமாறன். “ஆனா அன்னிக்கி ஷிப்ட் முடிச்சு வந்த அலுப்பு. முடுக்காம வுட்டுட்டனோ என்னமோ. அவள நானேதான் கொன்னுட்டேன்.”

“யாருக்கும் வர்ற மறதிதான் நெடுமாறா” என்றேன். ஜெயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆறுதலாக இருந்திருக்கும்.

கவிநிலா இன்று காலையில் வந்தாள். நர்சிங் படிக்கிற பெண். ஜாமீன் மனு மறுபடி வருகிறதாம்.

“பெரியப்பா, எங்கப்பா ஸ்குரு முடுக்க மறக்கற ஆளு இல்ல. ஊட்ல ஒரு பல்பு மாட்டுனாக்கூட ரெண்டு தபா பாப்பாரு. ஜெயில்ல சாப்பிடறதே இல்லயாம். அங்க நடந்தது உங்களுக்குத்தான் தெரியும். அத மட்டும் எழுதிக் குடுங்க, போதும்.”

“எழுதித் தர்றேம்மா. எழுதறதுன்னா முழுசா எழுதணும். கீழ உக்காரு” என்றேன்.

அதுதான் இந்தக் கடிதம். எழுத எழுத இடையில் வந்து டீ வைத்துவிட்டுப் போனாள். சர்க்கரை சரியாகப் போட்டிருந்தாள்.

இதைத் தாங்கள் வேறு யாரிடமும் காட்ட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். காட்டினால் பாட்டு வெளிவராது. போலீசுக்கும் கோர்ட்டுக்கும் ஒலி தெரியாது. அவர்கள் ஒரு சாவை மட்டும் கேட்பார்கள். தாங்கள் அந்த ஸ்வரத்தைக் கேட்டீர்கள்.

கவிநிலா மறுபடி மாடிக்கு வந்து, உறையின் மேல் எழுதிய விலாசத்தைப் பார்த்துவிட்டு, “மெட்ராஸ்ல யாரு பெரியப்பா?” என்கிறாள். ஒலி தெரிந்த பெரிய மனுஷர், இங்கே யாருக்கும் புரியாதது அவருக்குப் புரியும் என்றேன். கும்பிட்டாள். உறை ஒட்டச் சோற்றுப் பருக்கையை விரல் நுனியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். நான் மடித்துக் கொடுத்ததும் அவளே ஒட்டி, தபால் ஆபீஸ் மூடுவதற்குள் கொண்டுபோய் ஸ்பீடு போஸ்டில் சேர்த்துவிடுவாள். நடந்ததை எழுதித் தருகிறேன் என்று சொன்னேன், ஒரு வரி விடாமல் எழுதி அவள் கையிலேயே கொடுக்கிறேன். அந்தக் குழந்தையை நான் ஏமாற்றவில்லை.