கவனிப்பவர்: அவள்

இரவு பதினொன்றரை. ஆஸ்பத்திரியின் பின்புறச் சாலை. ஒரு நாய்கூட இல்லை. தெருவிளக்கு ஒன்று விட்டு ஒன்றுதான் எரிகிறது... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. அந்தச் சாலையில் ஸ்கூட்டரில் வந்தவள் என் சினேகிதியின் நாத்தனார்.

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. யார் வந்தார்கள், என்ன உபாதை, யார் கவனித்தார்கள், எங்கே உட்கார வைத்தார்கள்... ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பதிவு. எல்லாவற்றையும் ஒரு லைப்ரரி மூலம் கையாளுவாள். லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியை நினைக்காதீர்கள். யாரோ ஒரு புண்ணியவான் முன்பே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. ஒரு வரி தட்டினால் பதிவு பிறக்கும். இன்னொரு வரி தட்டினால் அழியும்.

அந்நேரத்தில் அவளை வரச் சொன்னவர் பெரிய டாக்டர். சாயங்காலம் ஒரு பெண் பின்புறச் சாலையில் விழுந்து செத்துவிட்டாளாம். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்ததாக ஒரு பதிவு 'தவறுதலாக' இருக்கிறதாம். காலையில் புருஷன் வருவதற்குள் அது போய்விட வேண்டுமாம். சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

நாத்தனார் பதிவைத் திறந்தாள். மூச்சுத்திணறல். வராந்தா நாற்காலி. டாக்டரின் குறிப்பு: 'காத்திருக்கச் சொல்லவும்.' அதற்குக் கீழே, 'இறப்பு'. இடையில் ஒன்றுமே இல்லை.

உட்கார்ந்தபடியே செத்தவளைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாலையில் போட்டிருக்கிறார்கள். நாத்தனாருக்கு அது புரிந்துவிட்டது. ஆனால் வேலை போய்விட்டால்? ஒரே வரி... அழித்துவிட்டாள்.

அப்போதுதான் வராந்தாவில் அந்தச் சத்தம். ஈ...ங். ஈ...ங். டயரில் காற்று இறங்குகிற மாதிரி. எட்டிப் பார்த்தாள். காலி நாற்காலி. பினாயில் வாடை.

திரும்பி வந்தால், அழித்த பதிவு திரையில் இருக்கிறது. ஆனால் மாறியிருக்கிறது. நோயாளி: பெரிய டாக்டர். கவனிப்பவர்: செத்துப்போனவளின் பெயர். இடம்: வராந்தா.

மறுபடி அழித்தாள். 'உங்களுக்கு அனுமதி இல்லை.' பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடம் மாறியது. பின்புறச் சாலை... டாக்டர் வீட்டு வாசல்... மாடிப்படி... படுக்கையறை.

டாக்டருக்குப் போன் போட்டாள். உடனே எடுத்தார்.

"கட்டில்கிட்ட யாரும்மா இது? நீ அனுப்பினியா?"

அவர் மூச்சு இடறியது. ஈ...ங்.

"மூச்சு... மூச்சு விட முடியல. யாரையாவது கூப்பிடும்மா..."

அப்போது போனுக்கு மிக அருகில், நிதானமாக, ஒரு பெண் குரல்.

"காத்திருக்கச் சொல்லுங்க."

நாத்தனார் அனுப்பிய ஆம்புலன்ஸ் போய்க் கதவை உடைத்தபோது ஜன்னல்களெல்லாம் திறந்துதான் கிடந்தன. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டரின் முகம் மட்டும் நீலம் பாரித்திருந்தது.

காலையில் செத்தவளின் புருஷன் வந்தான். நேற்று இங்கே உட்கார்ந்திருப்பதாக அவள் போனில் சொன்னாள் என்றான். கவுண்டரில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். அவன் சுற்றிலும் பார்த்தான். பார்வை நாத்தனாரின் முகத்தில் வந்து நின்றது.

"நீங்களாவது பாத்தீங்களா?"

சொல்லியிருக்கலாம். டாக்டரும் போய்விட்டார், இனி யாருக்குப் பயம்? ஆனால் அழித்தது இவள் கை அல்லவா... இல்லை என்று தலையாட்டினாள். அவன் போய்விட்டான்.

அன்று மாலையே இன்னொரு பதிவு தானாக முளைத்தது. நோயாளி: பிணத்தைத் தூக்கிய வார்டு ஆள். கவனிப்பவர்: அவள், அந்தச் செத்துப்போனவள். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி. உதவியாளர்: நாத்தனாரின் பெயர்.

அந்த ஆளும் விடியுமுன் மூச்சு முட்டிச் செத்தான்.

நாத்தனார் வேலையை விட்டாள். வீடு மாறினாள். கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை. ஆனாலும் சில நாள் காலையில் எழுந்தால், இரவெல்லாம் எங்கோ நடந்த மாதிரி கால் வலிக்குமாம். அன்றைக்கெல்லாம் அந்த ஆஸ்பத்திரி ஆள் யாராவது மூச்சு முட்டிச் செத்துவிட்டதாகச் செய்தி வரும். அவள் கேட்டுக்கொண்டே விரல்களை விரித்துப் பார்ப்பாள்... இடுக்குகளில் வெள்ளையாக ஒரு பொடி. ஆஸ்பத்திரி உதவியாளர்கள் மாட்டிக்கொள்ளும் ரப்பர் கையுறைக்குள் தூவியிருக்குமே, அந்தப் பொடி.