படகு கரை சேரும்போது எழாத சத்தம்

மேடையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் படகோட்டிகள் சங்கத் தலைவர் அவர்களே, தலைவருக்கு இருபுறமும் தோள் கொடுத்து அமர்ந்திருக்கும் நிர்வாகப் பெருமக்களே, ஆற்றையும் காற்றையும் அளந்து அளந்தே தலை நரைத்த பெரியவர்களே, கைக்குழந்தையோடு வந்து கதவோரம் நிற்கும் தாய்மார்களே, இக்கரைக்கும் அக்கரைக்கும் எங்களை நம்பி ஏறி இறங்கும் பயணிகளே, என் கணவரைப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடிய தோள்களே, வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து, கடைசி வரிசையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் என் உடன்பிறந்த அண்ணன் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் முகம் உங்களில் பலருக்குப் புதிது. குரல் புதிதல்ல. படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, ‘படகு வருகிறது, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்’ என்று ஒலிபெருக்கியில் ஓயாமல் சொல்கிறதே, அந்தக் குரல்தான் இது. பல வருடங்களாகச் சொல்கிறேன். ஒருவர்கூடப் பின்னால் நின்றதில்லை. இன்றைக்காவது என் பேச்சைக் கேட்பீர்கள் என்ற நப்பாசையில் மேடை ஏறியிருக்கிறேன். சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நான் பேச வந்திருப்பதே சிரிப்பைப் பற்றித்தான்.

சற்று முன் தலைவர் இரங்கல் தீர்மானம் வாசித்தார். ‘கடமையே கண்ணாகக் கயிறு பிடித்தவர், கயிற்றோடு காலமானார்’ என்றார். அழகான வாக்கியம். என் கணவர் இருந்து கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பார். அடுத்தபடியாக இன்னொரு தீர்மானமும் வாசித்தார். புதிய படகில் பொருத்திய த்ரஸ்டரைக் கழற்றிவிடுவது, மற்ற படகுகளுக்கு வாங்கும் யோசனையைக் கைவிடுவது. ஏனாம்? கருவி இருந்தும் ஆள் போய்விட்டாராம். ஆகவே கருவியால் காலணா பயனில்லையாம். அந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசத்தான் அனுமதி கேட்டேன். அனுமதி கொடுத்த தலைவருக்கு நன்றி. ஏன் கொடுத்தோம் என்று அவர் இப்போது யோசித்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

த்ரஸ்டர் என்றால் என்னம்மா என்று வாசலில் சில தாய்மார்கள் கேட்டார்கள். சொல்கிறேன். படகு வேகமாகப் போகும்போது சுக்கான் சொன்னபடி கேட்கும். ஓடுகிற தண்ணீர் சுக்கானில் மோதும், படகு திரும்பும். ஆனால் கரை சேர வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். வேகம் குறைந்தால் சுக்கானுக்குச் சக்தி இல்லை. அந்த நேரத்தில் படகு யார் கையில் இருக்கிறது? ஓட்டுநர் கையிலா? சங்கத்தின் கையிலா? காற்றின் கையில் இருக்கிறது. அதிலும் நமது புதிய படகு மாடி வைத்த படகு. அதன் பக்கவாட்டில் காற்று மோதினால் சுவரில் மோதுவதைப் போல மோதும், படகும் காற்று இழுத்த இழுப்புக்குப் போகும். இதற்காகத்தான் படகின் மூக்கில், தண்ணீருக்கு அடியில், குறுக்காக ஒரு குழாய் வைத்து, குழாய்க்குள் சின்னதாக ஒரு விசிறி வைத்திருக்கிறார்கள். ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு பட்டன்கள். ஒன்றை அமுக்கினால் மூக்கு இடப்பக்கம் நகரும், மற்றதை அமுக்கினால் வலப்பக்கம் நகரும். இதுதான் த்ரஸ்டர். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

மெக்கானிக் வந்து சொல்லிக்கொடுத்த அன்று நானும் கூண்டைப் பூட்டிவிட்டுப் போய் நின்றேன். அவர் அந்தப் படகின் ஓட்டுநரான என் அண்ணனிடம் சொன்னார்:

“வேகமா வந்துட்டு இத அமுக்குனா ஒண்ணும் ஆகாது மாஸ்டர். மொதல்ல வேகத்தக் கொன்னுடுங்க. படகு நிக்கப்போற மாதிரி ஆனதும், கொஞ்சம் அமுக்குங்க, விடுங்க, மூக்கு எங்க போகுதுன்னு பாருங்க, திரும்ப அமுக்குங்க. காத்து தள்ளுறதுக்கு முன்னாடி அமுக்கணும். தள்ளுனதுக்கு அப்புறம்னா பஸ்ஸு போனதுக்கு அப்புறம் கை காட்டுற கததான்.”

கயிற்றோடு மூக்கில் நின்றிருந்த என் கணவர் கேட்டார்: “அப்போ நான் காலு நீட்ட வேணாமா?”

“எதுக்கு? கால வீட்டுக்குப் பத்திரமா எடுத்துட்டுப் போங்க” என்றார் மெக்கானிக்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. இங்கே படகு துறையை நெருங்கும்போது, கயிற்றுக்காரர் மூக்கு விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலை வெளியே நீட்டி, துறையின் தூணில் உதைத்துப் படகைத் தடுப்பார். அது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் எல்லாப் படகிலும் இருக்கிறது. ஓட்டுநருக்கும் ஒரு வழக்கம் உண்டு. வேகமாக வருவார், கடைசியில் எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டு ஒரு உறுமல் உறுமுவார், படகின் வால் வளைந்து வந்து துறையோரம் ஒட்டாமல் உரசாமல் நிற்கும். உடனே துறையில் கைதட்டல் கிளம்பும். கொஞ்சம் இடித்துவிட்டால் கேலி விசில் பறக்கும். கைதட்டலுக்கு ஆசைப்படாத ஓட்டுநர் இருக்கிறாரா? விசிலுக்குக் கூசாத ஓட்டுநர் இருக்கிறாரா? முன்வரிசையில் இருக்கும் மூத்த ஓட்டுநர்கள் தரையைப் பார்க்கிறீர்கள். உங்களிடமிருந்து எனக்குப் பதில் வேண்டாம்.

த்ரஸ்டர் பொருத்திய மறுநாள் என் அண்ணன் அமுக்கினார். படகு பூப்போல வந்து நின்றது. என் கணவர் கால் நீட்டவில்லை, கையை எட்டிக் கயிற்றைப் போட்டார். ஆனால் அந்தக் கருவிக்கு ஒரு சத்தம் உண்டு. கீச்சென்று, மிக்ஸி ஓடுவதைப் போல, துறை முழுக்கக் கேட்கும். கூட்டத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்:

“என்ன மாஸ்டர், வீட்ல அரைக்க விடலன்னு இங்க வந்து மிக்ஸி போடுறீங்களா?”

துறையே சிரித்தது. அடுத்த நாள் டீக்கடையில் சிரித்தார்கள். அதற்கடுத்த நாள் படகு வருவதற்கு முன்பே பத்துப் பேர் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டார்கள். மூத்த ஓட்டுநர் ஒருவர், அவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார், “பட்டன அமுக்கத்தான் ஆளு வேணும்னா லிஃப்டுக்காரன் போதுமே” என்றார். வெள்ளத்திலும் புயலிலும் பிரசவ வலியோடு துடித்த பெண்களை அக்கரை சேர்த்த என் அண்ணனுக்கு, ஒரே வாரத்தில் ‘மிக்ஸி மாஸ்டர்’ என்று பட்டம் சூட்டினீர்கள்.

ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என் கணவர் சொன்னார்: “சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க மச்சான். நீங்க அமுக்குங்க. எனக்கு முன்னாடி நிக்க நிம்மதியா இருக்கு.”

“உனக்கு என்ன மாப்ள” என்றார் அண்ணன். “பேரு கெடுறது எனக்குல்ல.”

அதன் பிறகு பட்டனின் மேல் இருந்த பிளாஸ்டிக் மூடி திறக்கவே இல்லை. காற்று இல்லாத நாட்கள், கவலை இல்லாத நாட்கள். கைதட்டல் திரும்பி வந்தது. என் கணவரின் காலும் பழையபடி வெளியே வந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்தே காற்று ஆற்றிலிருந்து துறையை நோக்கி அடித்தது. மாலையில் வேலை விட்டுப் போகிறவர்கள் துறை நிறைய நின்றார்கள். படகு எப்போதும் வரும் வேகத்தில்தான் வந்தது. அன்று மட்டும் அண்ணன் பட்டனின் மூடியைத் திறந்திருந்தார், அதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் வேகத்தைக் கொல்லவில்லை. வழக்கம்போலப் பின்னோக்கிப் போட்டார். படகு தளர்ந்தது. தளர்ந்த அந்த நொடியில் காற்று மூக்கைப் பிடித்துத் தூணை நோக்கித் தள்ளியது. என் கணவர் ஒரு கையில் கயிற்றோடு காலை நீட்டினார். படகில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், சரக்கு இருந்தது, பின்னால் காற்று இருந்தது. அத்தனை எடைக்கும் எதிரே இருந்தது ஒரு மனிதனின் கால்.

நான் கூண்டிலிருந்து பார்த்தேன். மைக் என் வாய்க்கு நேரே இருந்தது. கத்தினேன். என்ன கத்தினேன் தெரியுமா? அவர் பெயரையா? இல்லை. ‘மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்’ என்று கத்தினேன். பழகிப்போன வாயிலிருந்து அதுதான் வந்தது. இன்றும் தூக்கத்தில் அதுதான் வருகிறது என்று என் கொழுந்தன் சொல்கிறான்.

வண்டியில் என் மடியில் தலை வைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “கயித்தக் கட்டிட்டாங்களா?” கட்டிவிட்டார்கள் என்றேன். கட்டினார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நசுங்கிய காலில் ரத்தம் நிற்கவில்லை, ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அங்கே யாரோ ‘விதி’ என்கிறீர்கள். சொன்னவர் யார் என்று நான் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஐயா, கேட்கிறேன். விதிக்கு விசிலடிக்கத் தெரியுமா? விதிக்குப் பட்டப்பெயர் வைக்கத் தெரியுமா? விதி டீக்கடையில் உட்கார்ந்து வாயால் மிக்ஸி ஓட்டியதா? அதைச் செய்தது யார் என்று இந்த அரங்கத்துக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் என் அண்ணன் என் காலடியில் உட்கார்ந்து சொன்னதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். “வெரலு பட்டன் மேலதான் இருந்துச்சு. அமுக்கணும்னுதான் நெனச்சேன். தொற நெறைய ஆளு. எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க.” இதைத்தான் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை நான் அவரோடு பேசவில்லை.

கருவி தோற்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே தலைவர் அவர்களே, கருவியிடம் யார் வேலை கேட்டார்கள்? கேட்காத வேலையை அது எப்படிச் செய்யும்? கழற்றி எறிய வேண்டுமென்றால் உங்கள் கைதட்டலைக் கழற்றி எறியுங்கள். உங்கள் விசிலைக் கழற்றி எறியுங்கள். எல்லாப் படகிலும் த்ரஸ்டர் பொருத்துங்கள். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு ஓட்டுநரும், ஒவ்வொரு முறையும், வேகத்தை அடக்கி, அதை அமுக்கித்தான் கரை சேர வேண்டும் என்று விதி செய்யுங்கள். எல்லோரும் அமுக்கினால் எவருக்கு அவமானம்? எல்லாப் படகிலும் சத்தம் கேட்டால் யாரைப் பார்த்துச் சிரிப்பீர்கள்? கயிற்றுக்காரர் எவரும் இனிமேல் கால் நீட்டக் கூடாது. நீட்டினால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்துங்கள். வேலை போனால் வேறு வேலை பார்க்கலாம், கால் போனால் என்ன ஆகும் என்பதை என் வீட்டுக்கு வந்து பாருங்கள்.

இவ்வளவு ஆவேசம் எதற்கு, போன உயிர் திரும்புமா என்று கேட்கலாம். போனவருக்காக மட்டும் நான் பேசவில்லை. கட்டிப்போட்ட புதிய படகு நாளைக் காலை மறுபடி ஓடப்போகிறது. கயிறு பிடிக்கப்போவது யார் தெரியுமா? மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், என் கொழுந்தன். என் கணவரின் தம்பி. அந்த வேலை மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினேன். “வேற எவன் இந்த ஊர்ல எனக்கு வேல வச்சிருக்கான் அண்ணி?” என்றான். அவனுக்குக் கல்யாணமாகி வருடம் திரும்பவில்லை. அவன் மனைவி என் பக்கத்தில்தான் படுக்கிறாள், அவளும் தூங்குவதில்லை.

அந்தப் படகின் சக்கரம் பழகியவர் இந்தச் சங்கத்தில் ஒருவர்தான். ஆகவே அவையோர் என்னைப் பொறுத்தருள வேண்டும், இனி நான் பேசப்போவது ஒருவரிடம் மட்டும்.

அண்ணா, கொஞ்சம் எந்திரி.

யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். நீங்கள் அவரைப் பார்த்தது போதும்.

அண்ணா, நான் உன்ன மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் எனக்குத் தெரியல. இத்தன பேரு முன்னாடி பொய் சொல்ல முடியாது. ஆனா நாளைக்குக் காலைல படக நீதான் எடுக்கணும். என் கொழுந்தன் முன்னாடி நிப்பான். நான் கூண்டுல இருப்பேன். தொற நெறைய ஆளு இருக்கும், எல்லாரும் பாப்பாங்க. நீ அமுக்கணும்.

தலையை ஆட்டுகிறார். தலையாட்டல் எனக்குப் போதாது அண்ணா, வாயத் திறந்து சொல்லு.

‘அமுக்குறேன்’ என்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது.

தலைவர் அவர்களே, தீர்மானத்தை வாக்குக்கு விடுங்கள். கழற்ற வேண்டும் என்பவர்கள் கை தூக்கட்டும். தூக்குகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மூன்றாவது வரிசையில் இருக்கும் என் கொழுந்தனின் கால்களைப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.

இடையில் எழுந்து போகாமல் இருந்த பெரியோருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்ற தாய்மார்களுக்கும், குறுக்கே பேசியவர்களுக்கும்கூட என் நன்றி. காலையில் துறைக்கு வரும் அத்தனை பேருக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், வணக்கம்.